இடக்கரை, வலக்கரை, நடுவில் ஒரு தொட்டில்!

ஸ்பெயின் என்றதும் வெயிலும் காளைச் சண்டையும்தானே ஞாபகத்துக்கு வருகிறது? வடக்கே, பாஸ்க் நாட்டின் பிஸ்காயா மாகாணத்துக்கு வந்து பாருங்கள். பச்சைப் பசேலென்று மலை, நசநசவென்று தூறல். அந்தத் தூறலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சிரிமிரி'! பெயரைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே நனைந்தேன்.

பில்பாவோ நகரைத் தாண்டி, நெர்வியோன் ஆறு கடலைத் தொடும் இடத்தில் ஓர் அதிசயப் பாலம். ஆற்றில் கப்பல் போக வேண்டும், மேலே ஜனங்களும் போக வேண்டும். என்ன செய்வது? ஆல்பெர்த்தோ தெ பலாஸியோ என்ற மனிதர் 45 மீட்டர் உயரத்தில் ஓர் இரும்பு உத்தரம் போட்டு, அதிலிருந்து கம்பிகளில் ஒரு தொட்டிலைத் தொங்கவிட்டுவிட்டார். ஆண்டு 1893. காரும் ஆளும் ஏறிக்கொண்டால், இரண்டு நிமிடத்துக்குள் அக்கரை! 1937-ல் உள்நாட்டுப் போரில் உத்தரத்தைத் தகர்த்தார்கள். 1941-ல் தொட்டில் மறுபடி ஆட ஆரம்பித்தது. 2006-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

இக்கரை அக்கரை என்று நாம் சும்மா சொல்கிறோம். இங்கே அது நிஜம். இடக்கரையில் போர்த்துகலேத்தே, செஸ்தாவோ, பரகால்தோ என்று வரிசையாகத் தொழிலாளர் ஊர்கள். வலக்கரையில் கெச்சோ... முதலாளிகளின் மாளிகைகள்!

காரணம், இடக்கரைக்குப் பின்னால் உள்ள மலைகள். அங்கே பாஸ்பரஸ் குறைந்த இரும்புத் தாது. 1856-ல் பெஸ்ஸிமர் கொண்டுவந்த எஃகு முறைக்கு அதுதான் தோது. இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாகத் தாது போனது. திரும்பும்போது நிலக்கரி வந்தது. வெட்டியவர்கள், ஸ்பெயினின் பல மூலைகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தங்குவது கம்பெனிக் கொட்டகை. அரிசி பருப்பு மாதிரி அன்றாடச் சாமானும் கம்பெனி ஆட்கள் கடையில்தான் வாங்க வேண்டும்! வலது கையால் கூலி கொடுத்து இடது கையால் பிடுங்கிக்கொள்ளும் இந்த இரட்டைப் பதிவை, பி.காம். படித்த நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. 1890-ல் பெரிய வேலைநிறுத்தம் வெடித்த காரணமே இதுதான். கட்டாயக் கடை, கட்டாயக் கொட்டகை வேண்டாம். வேலை நேரத்தைக் குறை என்றார்கள். ராணுவத் தளபதி வந்து பஞ்சாயத்துப் பண்ண, முதலாளிகள் இறங்கி வந்தார்கள். ஒப்புக்கொண்டது முழுசாகக் கைக்கு வர இன்னும் பல போராட்டங்கள் தேவைப்பட்டன.

கயார்த்தா என்ற ஊரின் கதையைக் கேளுங்கள். வீடுகளுக்கு அடியிலேயே இரும்பு இருந்தது. விடுவார்களா? ஊரையே இடித்துவிட்டுத் தோண்டினார்கள். ஜனங்கள் பக்கத்தில் புது ஊர் கட்டிக்கொண்டார்கள். 1993-ல் சுரங்கத்தை மூடியாயிற்று. பழைய ஊர் இருந்த இடத்தில் இன்று ராட்சசப் பள்ளம்!

1902-ல் உருவான பெரிய உருக்காலையின் உலைகள் 1996-ல் அணைந்தன. அடுத்த வருஷமே, 1997-ல், பில்பாவோவில் பளபளக்கும் குக்கன்ஹைம் மியூசியம் திறந்தார்கள். உலகமே வந்து பார்க்கிறது. நானும் பார்த்தேன்; கண்கொள்ளாத அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் செஸ்தாவோவில் ஓர் உலையை மட்டும் நினைவுச் சின்னமாக விட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே கியூ இல்லை. ஜில்லென்று நிற்கிறது.

இயந்திரத்துக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள் எங்கள் காலேஜில். அதை ஓட்டிய மனுஷனின் தேய்மானத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது? அதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.