பள்ளத்தாக்குக்குப் புறப்படுமுன்

அருப்புக்கோட்டைக் கரிசலில் பிறந்த நமக்கு வெயில் புதிதன்று. திருச்சுழியில் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். அங்கே ஊற்றுத் தோண்டி, காத்திருந்து நீர் அள்ளியவர்கள் நம் தாய்மார். அந்தத் துணிவில், கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் ஆந்திரத்தின் கண்டிக்கோட்டைக்குச் சென்று தங்கி, மலைநடை போக எண்ணும் குடும்பத்தார் சற்றுச் சிந்திப்பது நலம்.

கடப்பை மாவட்டத்தில், எர்ரமலைக் குன்றுகளை வடபெண்ணையாறு அறுத்துச் சென்ற பெரும்பிளவு அது. தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடுக்கு. ஜம்மலமடுகிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவு. தங்குவதற்கு அரசு சுற்றுலா விடுதி உண்டு. பாறை விளிம்பில் நின்றால் ஆற்றுநீர் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. இறங்குவது எளிது. சூடேறிய பாறைகளின் வழியே மேலேறும்போதுதான் தாகம் வாட்டும்.

பனிக்காலமே அங்குச் செல்ல ஏற்றது. கோடையில்தான் விடுப்புக் கிடைக்குமெனில், விடியும் வேளையில் புறப்பட்டு, 9 மணிக்குள் நிழலுக்குத் திரும்புங்கள். கொண்டுசென்ற நீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிடுங்கள், எஞ்சியது ஏற்றத்திற்கு. கூட்டத்தில் மெதுவாக நடப்பவரின் நடையே எல்லாருக்கும் நடையாகட்டும்.

நம் முன்னோர் இவ்வறண்ட மண்ணில் வாழ்ந்தது துணிவால் மட்டுமன்று. தண்ணீரை எண்ணிச் செலவிட்டதாலும்தான்.