பொன்னியா, இட்லி அரிசியா?

"பொன்னியா, இட்லி அரிசியா?"

டீ கொட்டிய பழைய மடிக்கணினியை மேசைமேல் வைத்தவரிடம் கடைக்கார அண்ணன் கேட்ட முதல் கேள்வி இது. வந்தவர் ஒரு நொடி விழித்தார், பிறகு சிரித்துவிட்டார். "இட்லி அரிசிதான் சார். ரெண்டு நாள் டிரம்முல புதைச்சு வெச்சிருந்தேன்." அண்ணன் இடுக்கியை யுஎஸ்பி துளைக்குள் விட்டு ஒரு குருணையை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். "நல்லா ஊறியிருக்கு. கொஞ்சம் உளுந்தும் போட்டிருந்தா ஆட்டிரலாம்." கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். வந்தவர்தான் அதிகம் சிரித்தார்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், குறுகலான மாடிப்படி ஏறிப் போனால் அந்தக் கடை. இருவர் உட்கார்ந்து வேலை செய்ய ஒரு மேசை, ஒரு மைக்ரோஸ்கோப், ஹாட் ஏர் மெஷின், சுவர் முழுக்கக் கழற்றிப்போட்ட மதர்போர்டுகள். கீழே தெருவில் புது கேபிளும் கேமராவும் விற்கும் கூச்சல் மேலே வரை கேட்கும். பிக்சர் டியூப் மானிட்டர் காலத்தில் எஸ்எம்பிஎஸ் என்னும் பவர் சப்ளைப் பெட்டியைப் பழுது பார்க்கத் தொடங்கியவர் அண்ணன். இப்போது மடிக்கணினிகளுக்குச் சிப் லெவல் சர்வீஸ் செய்கிறார். உடன் ஒரு தம்பி இருக்கிறான். கை அவனுடையது, வாய் அண்ணனுடையது என்று பக்கத்துக் கடையில் சொல்வார்கள்.

வேலையைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் என் நோட்டில் நிறைந்தது அவர்களுடைய கேலிப் பேச்சு. வாடிக்கையாளர் வீட்டில் செய்துபார்த்த வைத்தியங்கள்தான் அதன் கருப்பொருள். அந்தக் கேலிக்கு ஒரு பயன் உண்டு என்பது பிறகுதான் விளங்கியது. "திட்டினா, 'தானா நின்னுடுச்சு'ன்னுதான் சார் சொல்லுவாங்க. சிரிச்சுக் கேட்டா, அரிசியில வெச்சது, ஹேர் டிரையர் காட்டினது, மச்சான் ஸ்க்ரூ கழட்டினது எல்லாம் வரிசையா வரும். அது தெரியாம போர்டைத் தொட்டா நமக்கு ரெண்டு நாள் போயிடும்" என்றார் அண்ணன். கணினி நின்றுபோன காரணம் ஒன்றாக இருக்கும். அதைச் சரிசெய்யப் போய் வந்த சேதம் இன்னொன்றாக இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க வாக்குமூலம் வேண்டும். அதைத்தான் அவர் சிரிப்பால் வாங்குகிறார்.

அரிசி வைத்தியம் ஏன் பலிப்பதில்லை? தண்ணீர் எப்படியும் காய்ந்துவிடும். அதில் கரைந்திருந்த உப்பும், டீயின் பாலும் சர்க்கரையும் போர்டிலேயே தங்கிவிடும். பேட்டரி கழற்றப்படாத வரை மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் செம்புத் தடங்கள் பச்சை பூத்து அரித்துப்போகும். அரிசி டிரம்மில் கழிந்த இரண்டு நாளும் இந்த அரிப்புக்குக் கொடுத்த அவகாசம். 2024 தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனமே, நனைந்த ஐபோனை அரிசிப் பைக்குள் வைக்காதீர்கள், அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுத்துவிடும் என்று தன் அறிவுரைப் பக்கத்தில் எழுதியது. மடிக்கணினி என்றால், உடனே அணைத்து, பேட்டரியைப் பிரித்து, ஐபிஏ என்று இவர்கள் சொல்லும் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவுவதுதான் வழி.

தம்பி அதைத்தான் செய்தான். கழுவிய பிறகும் போர்டு டெட். மல்டிமீட்டரை வைத்தால் ஒரு மின்தடத்தில் 'பீப்' என்று விடாமல் கத்தியது. ஷார்ட். அந்தத் தடத்தில் சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்கள் பல இருந்தன. ஒவ்வொன்றும் எள்ளளவு. எது போனது என்று கண்ணால் சொல்ல முடியாது. பவர் சப்ளையில் ஒரு வோல்ட் வைத்து அந்தத் தடத்துக்குக் கொடுத்தான். போர்டின்மேல் ஐபிஏவைப் பரவலாக ஊற்றினான். போர்டு முழுக்க ஈரத்தில் மின்னியது. சில நொடிகளில் ஓரிடத்தில் மட்டும் ஈரம் வட்டமாக விலகிக் காய்ந்தது. வட்டத்தின் நடுவே இருந்த கெப்பாசிட்டர்தான் சூடாகிக்கொண்டிருந்தது. ஹாட் ஏர் காட்டி அதை எடுத்ததும் மீட்டரின் கத்தல் நின்றது. பாகங்களுக்காக வைத்திருந்த பழைய போர்டு ஒன்றிலிருந்து அதே அளவு கெப்பாசிட்டரை எடுத்து வைத்தான். இவ்வளவு எளிய சாமான்களைக் கொண்டு இவ்வளவு துல்லியமாகக் குற்றவாளியைப் பிடிக்கும் வித்தையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அன்றைக்கு அதிகம் சிரிக்க வைத்தது அயர்ன் பாக்ஸ் கதை. திரையில் கோடு கோடாக வருகிறது என்று ஒரு கல்லூரி மாணவர் மதர்போர்டைத் தனியே கழற்றி, கிராபிக்ஸ் சிப்பின்மேல் துணி போட்டு அயர்ன் பாக்ஸை வைத்து அழுத்தியிருந்தார். "மடிப்பு கலையாம வந்துச்சா தம்பி?" என்று அண்ணன் கேட்க, "மூணு நாள் ஓடுச்சுண்ணே!" என்று அவர் பெருமையோடு சொன்னார். ஓடியிருக்கும் என்றுதான் அண்ணனும் சொன்னார். அங்கிருந்து பேச்சு, சிப்பைப் போர்டோடு ஒட்டும் பற்றாசை நோக்கி நீண்டது.

2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. 183 டிகிரியில் உருகிய பழைய ஈயப் பற்றாசின் இடத்துக்கு, சுமார் 217 டிகிரியில் உருகும் ஈயமில்லாப் பற்றாசு வந்தது. அந்த மாற்றக் காலத்தில்தான் சூடாகிச் சூடாகிக் குளிரும் கிராபிக்ஸ் சிப்புகள் கூட்டமாகச் செத்தன. 2007-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. 2008-இல் என்விடியா, மடிக்கணினிச் சிப்புகளின் பழுதுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அந்த நாட்களில் எக்ஸ்பாக்ஸைத் துண்டால் சுற்றிச் சூடேற்றியவர்கள் உண்டு. கிராபிக்ஸ் கார்டை அடுப்பில் வைத்து எடுத்தவர்களும் உண்டு. சிப்புக்கு உள்ளேயே விட்டுப்போன தொடர்பு, சூட்டில் விரிந்து தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். பிறகு பழையபடி விடும். "சூடு பண்ணிக் கொடுத்துக் காசு வாங்கிட்டு அனுப்பலாம். ஒரு மாசத்துல திரும்பி வருவான். சிப்பையே மாத்தணும்" என்றார் அண்ணன். அந்த மாணவரிடம் அவர் காசு வாங்கவில்லை.

கோமாளித்தனமாகத் தோன்றும் சில வைத்தியங்கள் முழுக்கச் சரி. டிஸ்ப்ளே வராத கணினியில் ரேமைக் கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பது இந்தத் தெருவில் தினசரி வேலை. அழுக்கு போனால் தொடர்பு வந்துவிடும். அழுத்தித் தேய்த்தால் முலாமும் போய்விடும் என்பதால் தம்பி விரல் நுனியால் மெல்லத்தான் தேய்க்கிறான். 2000-ஆம் ஆண்டு வாக்கில் வந்த ஏஎம்டி ஆத்லான் பிராசசரில், முகப்பில் துண்டிக்கப்பட்ட சின்னப் பாலங்களைப் பென்சிலால் கோடு போட்டு இணைத்து வேகத்தைக் கூட்டினார்கள். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். 1980-இல் வந்த ஆப்பிள் III சூட்டில் சிப்புகள் சாக்கெட்டிலிருந்து எழும்பி நின்றுபோகும். கணினியைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போடுங்கள் என்று நிறுவனத்தின் தரப்பிலேயே யோசனை சொன்னார்கள். தட்டினால் ஓடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். ஆனால் ஹார்ட் டிஸ்கைத் தட்டுகிறவர்களைக் கண்டால் மட்டும் அண்ணனுக்குச் சிரிப்பு வருவதில்லை. உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் உள்ளே பனித்துளி படியும். அந்த டிஸ்கில் இருப்பது யாரோ ஒருவரின் கல்யாணப் போட்டோ.

ஏன் மனிதர்கள் அரிசியையும் அயர்ன் பாக்ஸையும் தேடுகிறார்கள்? நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் ஒன்றில், போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லி, ஏறக்குறைய இன்னொரு பழைய மடிக்கணினி வாங்கும் விலையைக் கேட்டதாக டீ கொட்டியவர் சொன்னார். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை அக்காவிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து அத்தை மகனுக்கும் கைமாறி இந்த மேசைக்கு வருகின்றன. அவற்றைக் கொண்டுவருபவர்களுக்குப் புதியது வாங்கும் பேச்சே கிடையாது. இந்த மேசைதான் கடைசி வழி.

அந்த மேசைக்கு வேண்டியது வரைபடம். 1981-இல் வந்த ஐபிஎம் பிசிக்கான தொழில்நுட்பக் கையேட்டில் முழுச் சர்க்கியூட் படமும் அச்சாகியிருந்தது. காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றுக்கு அப்படி வாங்க வழியில்லை. எங்கிருந்தோ கசிந்த பிடிஎஃப்பை வைத்துத்தான் தெரு முழுக்க வேலை நடக்கிறது. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாசலைத் திறந்தது. நல்ல தொடக்கம். விற்பனை நின்றுபோன மாடல்களின் சர்க்கியூட் படத்தையாவது வெளியிட்டாக வேண்டும் என்று சட்டமே வர வேண்டும். அதுவரை இந்தத் தொழிலாளிகள் பாதிக் கண் கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள்.

தம்பி தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறான். நல்ல நிலையில் உள்ள போர்டு எது கைக்கு வந்தாலும், ஒவ்வொரு காயிலிலும் மீட்டர் காட்டும் அளவைக் கோடு போட்ட நோட்டில் எழுதிவைக்கிறான். மாடல் எண், பக்கத்தில் கையால் வரைந்த போர்டு, அம்புக்குறி போட்டு அளவுகள். அதே மாடல் டெட்டாக வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த நோட்டை நான் புரட்டிக்கொண்டிருந்தபோது எதிர்க்கடைப் பையன் படியேறி வந்தான். "அண்ணே, நோட்டு கொஞ்சம் கொடுங்க, அதே டெல் போர்டு மாட்டிக்கிச்சு" என்று என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு இறங்கினான்.