நிறுத்தும் கட்டளை

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், மருதாநதி அணைக்கு அருகில் உள்ள அய்யம்பாளையம், தென்னைக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கும், கிணற்றையும் போர்வெல்லையும் நம்பியுள்ள தமிழகத்தின் பிற ஊர்களிலும், மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டாரைப் போடுவதும், நீர் பாய்ந்து முடிந்ததும் மறவாமல் அணைப்பதும் விவசாயியின் உறக்கத்தைப் பறிக்கும் வேலைகள். மின்சாரம் இரவில் வந்தால், பாம்பு கிடக்கும் வரப்பில் டார்ச் விளக்கோடு நடந்தாக வேண்டும். மலையோரத் தோப்புகளில் யானை பற்றிய அச்சமும் உடன் வரும்.

இத்துன்பத்துக்குத் தீர்வாக, புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால், கைபேசி அழைப்பால் மோட்டாரை இயக்கும் ‘நானோ கணேஷ்’ என்னும் கருவியை உருவாக்கினார். சிம் அட்டை பொருத்திய இத்தகைய ‘மொபைல் ஸ்டார்ட்டர்’களுக்குத் தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையும் மானியம் வழங்கியுள்ளது.

இதற்கு அடுத்த படி, கைபேசியிலேயே ஸ்கிரிப்ட் எழுதி வைப்பது. ஸ்கிரிப்ட் என்பது, ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற வேண்டிய கட்டளைகளை முன்கூட்டியே வரிசைப்படுத்திய சிறு நிரல். அதைத் தொடங்கிவைக்கும் நிகழ்வு, சரிபார்க்கும் நிபந்தனை, நிறைவேற்றும் செயல் என மூன்று உறுப்புகள் அதற்கு உண்டு. குறுஞ்செய்தியை ஏற்கும் ஸ்டார்ட்டராக இருந்தால், ஆண்ட்ராய்டு கைபேசியில் ‘டாஸ்கர்’ போன்ற செயலியைக் கொண்டு, ‘கரண்ட் வந்தது’ என்னும் செய்தி ஸ்டார்ட்டரிலிருந்து கிடைத்ததும், அன்று பாய்ச்சல் நாளாக இருப்பின், மோட்டாரைப் போடும் செய்தியை அனுப்பவும், இரண்டு மணி நேரம் கழித்து அணைக்கும் செய்தியை அனுப்பவும் செய்யலாம்.

ஆயினும் போடும் கட்டளையைவிட அணைக்கும் கட்டளையே முதன்மையானது. கரண்ட் வந்தவுடன் மோட்டாரைத் தானாக ஓடவிடும் ஆட்டோ சுவிட்ச், கிணற்றில் நீர் உண்டா என்று பார்ப்பதில்லை. நீரின்றி ஓடும் மோட்டார் சூடேறிக் காயில் எரிந்துபோகிறது. மேலும், 30 ஆண்டுகளுக்கும் மேலாக விவசாய மின்சாரம் இலவசமாகக் கிடைப்பதால், தேவைக்கு மேல் ஓடும் மோட்டாரைக் கட்டணம் தடுப்பதில்லை. நிலத்தடி நீரே அதன் விலையாகிறது. சிக்னல் கிடைக்காத வேளையில் அணைக்கும் செய்தி போய்ச் சேராமலும் போகலாம் என்பதால், நீர் வற்றினால் தானே நிற்கும் பாதுகாப்பு ஸ்டார்ட்டரிலேயே இருப்பது இன்றியமையாதது. ஆகவே, கைபேசியிடம் மோட்டாரை ஒப்படைக்கும் விவசாயிகள், அது எப்போது நிற்க வேண்டும் என்பதை முதலில் எழுதிவிட்டு, எப்போது ஓட வேண்டும் என்பதை அதன்பின் எழுத வேண்டும்.