கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே

போன வருடம் பேத்தி வங்கித் தேர்வின் முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டாள். கணக்கில்தான் அடி. இந்த வருடம் மறுபடி எழுதுகிறாள். சாயங்காலம் மாதிரித் தாளோடு என் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

கணக்குப் பகுதியில் 35 கேள்வி, 20 நிமிடம். தப்பாகப் போட்டால் அந்தக் கேள்விக்குரிய மதிப்பெண்ணில் கால் பங்கு பிடித்தம். நடுவில் ஒரு அட்டவணையோ வட்டப்படமோ கொடுத்து, அதிலிருந்து வரிசையாகக் கேள்விகள். பிள்ளைகள் இதை 'டி.ஐ.' என்கிறார்கள்.

ஒரு கடையின் விற்பனை 487-லிருந்து 613 ஆனது; எத்தனை சதவீத உயர்வு? வித்தியாசம் 126. அவள் 126-ஐ 487-ஆல் வகுத்து 25.87 வரை கொண்டுபோனாள். தாளில் இருந்த விடைகளோ 18, 22, 26, 31, 35. ஐந்நூறில் கால் பங்கே 125. அப்படியானால் 487-இல் 126 என்பது கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே. 26 என்று குறித்துவிட்டுப் போகவேண்டியதுதானே?

"ஏம்மா இப்படி இழுக்கிறே?" என்றேன்.

"நீங்கதானே தாத்தா, கடைசிப் புள்ளி வரைக்கும் போடணும்னு சின்ன வயசுல அடிச்சுச் சொன்னீங்க."

சுருக்கென்றது. அலுவலகத்தில் பத்துப் பைசா இடித்தாலும் விளக்கு வைத்தபிறகும் உட்கார்ந்து தேடியவர்கள் நாங்கள். அதை அவள் தலையில் ஏற்றியது நான்தான்.

ஒன்று மட்டும் நான் கொடுத்ததில் உருப்படி. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குக் காற்புள்ளிதான் தசமப்புள்ளி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இருப்புப் பட்டியலில் பன்னிரண்டரை கிலோவை 12,500 என்று எழுதிவிட்டேன். மேலே இருந்தவர்கள் அதைப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிலோவாகப் படித்தார்கள். மெமோ வந்தது. அன்றிலிருந்து எந்தப் பட்டியலிலும் முதலில் தலைப்பு, அலகு, அடிக்குறிப்பு, பிறகுதான் எண்.

பேத்தியின் பழைய தாள்களைப் புரட்டினேன். ஒரு படம் ஆயிரத்தில், பக்கத்துப் படம் லட்சத்தில். இரண்டையும் அப்படியே கூட்டியிருக்கிறாள். வட்டப்படத்தில் 72 என்றிருந்ததைச் சதவீதமாக எடுத்திருக்கிறாள். அது பாகை. ஒரு சதவீதத்துக்கு 3.6 பாகை, ஆக 20 சதவீதம்தான். வகுத்தலில் ஒரு பிழைகூட இல்லை, பாவம்.

இப்போது அலகைப் பென்சிலால் சுழித்த பிறகுதான் கேள்வியைப் படிக்கிறாள். நேற்று ஐந்து கேள்வியை நாலு நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்து போனாள். ஐந்தும் சரி.

அவள் போனதும் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றையும் வகுத்துப் பார்த்தேன், மூன்று தசமம் வரைக்கும். கை கேட்கவில்லை.