வாங்கிய மாங்கன்று என்ன ரகம்?

“சார், இது நெசமாவே இமாம்பசந்துதானா?” மா ஒட்டுக்கன்று வாங்குகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. நெல் விதை தப்பினால் ஒரு போகத்தோடு போகும். மாவில் நாலைந்து வருஷம் தண்ணீர் ஊற்றி, காய் பிடித்த பிறகுதான் குட்டு வெளிப்படும். நர்சரி ஒன்றில் இமாம்பசந்த் என்று வாங்கி நட்டவரின் தோட்டத்தை ஐந்தாம் வருஷம் போய்ப் பார்த்தேன். பாதி மரங்களில் கிளிமூக்கு தொங்கியது. அவரிடம் பில்கூட இல்லை.

இலையிலேயே ரகத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டு. ‘டி.என்.ஏ. பார்கோடு’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இதற்காக 2009-ல் விஞ்ஞானிகள் தாவரங்களுக்குப் பொதுவாக இரண்டு மரபணுப் பகுதிகளைப் பரிந்துரைத்தார்கள். மாவா, முந்திரியா என்று அவை சொல்லிவிடும். நீலமா, மல்கோவாவா என்று கேட்டால் பெரும்பாலும் கைவிரித்துவிடும். இரண்டும் ஒரே இனம்தானே! ரகம் பிரிக்க ‘மைக்ரோசாட்டிலைட்’ சோதனைதான் உதவும். டி.என்.ஏ.வில் சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு; எத்தனை தடவை வருகின்றன என்பது ரகத்துக்கு ரகம் மாறும். ஒவ்வொரு இடத்திலும் தாய் வழியில் ஒன்று, தகப்பன் வழியில் ஒன்று. நீலமும் தசேரியும் சேர்ந்து பிறந்த மல்லிகாவில் இருவரின் அடையாளமும் தெரியும். பெங்களூரா, தோத்தாபுரி, கிளிமூக்கு, கலெக்டர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் ரகம் ஒன்றுதான் என்பதையும் இந்தச் சோதனை காட்டிவிடும்.

இலை பறிக்கும்போது கவனம் வேண்டும். ஒட்டுக்கு மேலே உள்ள இலைதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரகம். கீழே வரும் துளிர் வேர்ச்செடியுடையது. அதைக் கிள்ளாமல் விட்டால் அதுவே மரமாகிவிடும். நர்சரிக்காரரைத் திட்டும் முன் இதைப் பாருங்கள். மாறிப்போன மரங்களில் பழம் மரத்துக்கு மரம் வேறு வேறாக இருந்தால், பெரும்பாலும் வேர்ச்செடி வளர்ந்திருக்கிறது. எல்லாமே ஒரே ரகமாக இருந்தால், ஒட்டுக் குச்சியே மாறியிருக்கிறது. நான் பார்த்த தோட்டம் இரண்டாவது வகை.

நாலு கன்று வாங்க இந்தச் சோதனை தேவையில்லை. ஏக்கர் கணக்கில் நடுகிறவர்கள் முதலில் தாய்மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் ரகத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். சோதனைக்கு அனுப்பினால் கன்றின் இலையோடு, ரகம் உறுதியாகத் தெரிந்த மரத்தின் இலையையும் தனிப் பையில் வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.