கரைவலைப் பாடும் குலுக்கல் சீட்டும்

கொலராடோவில் வசிக்கும் வாசகர் ஒருவர், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், அண்மையில் எனக்கு எழுதிய மின்னஞ்சலில் இப்படிக் கேட்டிருந்தார்: "என்னோடு வேலை செய்யும் ஒருவர் 19 ஆண்டுகளாக ஒரு மானைச் சுட அனுமதி கேட்டு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் குலுக்கலில் பெயர் விழாமல் போகிறது. ஆனாலும் புள்ளி சேர்கிறது என்று மகிழ்ச்சியோடு சொல்கிறார். நம் ஊரில் இப்படி ஒரு கூத்து உண்டா?"

உண்டு. மானுக்கு அல்ல, மீனுக்கு. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அவருடைய கேள்வி அதற்கு ஒரு வாய்ப்பைத் தந்தது.

முதலில் அந்த மானைப் பற்றிச் சில வார்த்தைகள். எல்க் என்பது நம் நாட்டு மரையைக் காட்டிலும் பெரிய மான். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைக்கு வந்த வேட்டைக்காரர்கள் நமது மரையையே எல்க் என்று அழைத்தார்கள். நுவரெலியாவை அடுத்துள்ள எல்க் சமவெளி என்ற பெயர் அப்படி வந்ததே. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாமுவேல் பேக்கர் என்பவர் அந்த மலைகளில் வேட்டை நாய்களை விட்டு மரைகளைத் துரத்திய கதைகளை ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார். அன்று கணக்கு ஏதும் இல்லை. துப்பாக்கி வைத்திருந்தவன் சுட்டான். அமெரிக்காவிலும் அப்படித்தான் நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எல்க் மான்களின் தொகை வெகுவாக வீழ்ந்துவிட்டிருந்தது. அதன் பின்னரே மாநில அரசுகள் வேட்டையை அனுமதிச் சீட்டுக்குள் கொண்டுவந்தன. இந்த வனப் பகுதியில், இந்த ஆண்டு, இத்தனை மான்கள் என்று எண்ணிக்கை நிர்ணயிக்கப்படும். விண்ணப்பிப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தால் குலுக்கல் நடக்கும்.

குலுக்கலில் தோற்றவனுக்கு ஆறுதலாக வந்ததே போனஸ் புள்ளி. ஒருமுறை தவறினால் ஒரு புள்ளி. அடுத்த ஆண்டு அந்தப் புள்ளியின் பலத்தில் அவனுடைய பெயர் கூடுதல் தடவைகள் பானைக்குள் போகும். நெவாடா மாநிலத்தில் புள்ளியை அதே எண்ணால் பெருக்கி, அதனுடன் ஒன்றைக் கூட்டுகிறார்கள். ஐந்து புள்ளி வைத்திருப்பவருக்கு 26 வாய்ப்புகள். அரிசோனாவில் சீட்டுகளில் 20 சதவீதத்தை அதிகப் புள்ளி உள்ளவர்களுக்கென்று தனியே ஒதுக்குகிறார்கள். யூட்டாவில் அந்தப் பங்கு பாதி. அங்கே குலுக்கலில் அருமையான ஓர் எல்க் சீட்டைப் பெற்றவர், அதன் பின் ஐந்து ஆண்டுகள் மீண்டும் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. கொலராடோவில் நீண்ட காலமாக நடைமுறையில் இருப்பது வேறு வகை: முன்னுரிமைப் புள்ளி. அது ஏறக்குறைய ஒரு வரிசைதான். சில பகுதிகளுக்கு அந்த வரிசை 20 ஆண்டுகளையும் தாண்டிவிட்டது. பக்கத்திலுள்ள ஐடஹோவில் புள்ளியே கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் எல்லோரும் புதிதாக வந்தவர்களே.

தோற்றவனை நினைவில் வைத்துக்கொள்வதும், வென்றவனைச் சிறிது காலம் ஒதுங்கியிருக்கச் சொல்வதும் தமிழருக்குப் புதியவை அல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919ஆம், 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர் வாரியங்களுக்கு ஆள் தெரிவு செய்யக் குடவோலை முறையை அவை விதிக்கின்றன. 30 குடும்புகள், தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரமறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்வார்கள். முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவனுடைய பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட அந்த விதிக்கும் யூட்டாவின் விதிக்கும் அடிப்படை ஒன்றே.

இனிக் கடலுக்கு வருவோம். கற்பிட்டிக் குடாநாட்டின் ஒரு பக்கம் களப்பு, மறு பக்கம் பெருங்கடல். தென்மேல் பருவக்காற்று ஓய்ந்த பிறகு, ஒக்டோபர் தொடங்கிச் சித்திரை வரை, இக்கரைகளில் கரைவலைக் காலம். தோணி வலையை ஏற்றிக்கொண்டு அரை வட்டமாகக் கடலில் இறக்கிவிட்டு மீண்டும் கரைக்கு வரும். இரு பக்கக் கயிறுகளையும் இருபது முப்பது பேர் மணிக்கணக்கில் இழுப்பார்கள். மடி கரையேறும்போதுதான் அன்றைய பிழைப்பு என்னவென்று தெரியும். செலவு போக எஞ்சியது சம்மாட்டிக்கும் இழுத்தவர்களுக்குமாகப் பங்கு பிரிக்கப்படும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கரையில் ஒரே நேரத்தில் ஒரு வலைதான் இறங்க முடியும். கல் இல்லாத, சேறு இல்லாத, மீன் ஒதுங்கும் கரைத்துண்டைத்தான் பாடு என்கிறோம். பாடுகள் சில, வலைகள் பல. போதாததற்கு, எல்லாப் பாடும் ஒன்றல்ல. விடியற்காலை இழுப்பும் நண்பகல் இழுப்பும் ஒன்றல்ல. எனவே எந்த வலை, எந்தக் கரையில், எந்த நாளில் என்பதை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளாவிட்டால் கரையில் கத்திதான் பேசும்.

குறிஞ்சிப்பிட்டியில் முதியவர் ஒருவரிடம் இதைப் பற்றி ஒரு மாலைப்பொழுது முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன். இளமையில் பல கரைகளில் வலை இழுத்தவர். பின்னாளில் மண்டாடியாக இருந்தவர். அவரை நானா என்றே எல்லோரும் அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். "சீட்டில தோத்தவங்க சண்டை போட்டு நான் பார்த்ததில்ல தம்பி. சீட்டுப் போடாம ஆள் பார்த்துக் குடுத்த எடத்திலதான் சண்டை வந்திச்சு" என்றார். ஒரு கரையைச் சட்டத்தால் மட்டும் ஆள முடியாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்த அதிகாரியிடமும் கேட்டதில்லை. 1984ஆம் ஆண்டின் கரைவலை ஒழுங்குவிதிகளும், 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டமும் அனுமதிப்பத்திரத்தைப் பற்றிப் பேசுகின்றன. அதைப் பெற்றவர்கள் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்து வாழ்வது அந்தக் கரையின் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

தெற்கே நீர்கொழும்புக் களப்பின் வாயிலில் இதே தத்துவம் இன்னும் நுட்பமாக வளர்ந்திருக்கிறது. வற்று நீரோடு கடலுக்குத் திரும்பும் இறாலைக் கம்பு நட்டுக் கட்டிய வலையால் மறிக்கும் தொழில் அங்கே உண்டு. சிங்களத்தில் கட்டுதெல் என்பார்கள். நான்கு மீனவர் சங்கங்கள் இடங்களைத் தமக்குள் முறை வைத்துப் பகிர்ந்து, சீட்டுப் போட்டு உறுப்பினர்களுக்குக் கொடுக்கின்றன. 1958இல் அரசாங்கம் இதற்கென்றே ஒழுங்குவிதிகளை வெளியிட்டு மரபுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. தமிழ்நாட்டின் பழவேற்காட்டு ஏரியிலும் கொச்சிக் காயலிலும் பாடு என்ற இதே சொல் இதே பொருளில் வழங்குகிறது.

துருக்கியின் அலன்யாவில் நடப்பதையும் சொல்ல வேண்டும். பொருளியலுக்கான நோபல் பரிசை 2009இல் பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம், 1990இல் வெளியிட்ட தமது நூலில் அந்த ஊரை எடுத்துக்காட்டாகக் கூறினார். செப்டெம்பரில் சீட்டுப் போட்டு ஒவ்வொரு மீனவருக்கும் ஓர் இடம் ஒதுக்கப்படும். அன்றிலிருந்து ஜனவரி வரை நாளுக்கு ஓரிடமாக அனைவரும் கிழக்கே நகர்வார்கள். பின்னர் மே வரை மேற்கே நகர்வார்கள். சீட்டு தொடக்கத்தை மட்டுமே தீர்மானிக்கிறது. நல்ல இடம் எல்லோருடைய கைக்கும் வந்து போகும். அமெரிக்க வேட்டைக்காரன் 20 ஆண்டு சேர்க்கும் புள்ளியை, அலன்யா மீனவன் ஒரே பருவத்தில் காலால் நடந்து தீர்த்துவிடுகிறான்.

இவ்வளவும் நல்ல பக்கம். ஒஸ்ட்ரோம் அதே நூலில் தோல்விக்கு எடுத்துக்காட்டாகச் சொன்ன ஊர் நம் நாட்டில்தான் இருக்கிறது என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. தங்காலைக்கு அருகிலுள்ள மாவெல்ல என்ற கரைவலைக் கிராமம் அது. மானிடவியலாளர் போல் அலெக்சாண்டரின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டே அவர் எழுதினார். அங்கேயும் ஒழுங்கான முறை வரிசை இருந்தது. எந்த வலையும் ஏமாற்றப்படவில்லை. ஆனால் ஒரு வலைக்கு ஒரு முறை என்பதுதான் விதி. எனவே இன்னொரு முறை வேண்டுமானால் இன்னொரு வலை கட்டினால் போதும். மீன் விலை ஏறியதும் வலைகள் பெருகின. வலைத் தொகையைக் கட்டுப்படுத்த 1930களில் விதி வந்தது. செல்வாக்குள்ளவர்கள் தலையிட, அது ஏட்டிலேயே நின்றுவிட்டது. கடலில் மீன் அதேதான். முறை வர ஆகும் நாள்கள் மட்டும் நீண்டன. ஆண்டின் பெரும் பகுதி வலைகள் வாடியில் காய்ந்து கிடந்தன. கடைசியில் அவ்வளவு வலைக்கும் கடன் வாங்கிய குடும்பங்கள் நட்டப்பட்டன.

அமெரிக்கப் புள்ளிக்கும் இதே நோய் வந்திருக்கிறது. ஒரு பகுதிக்கு ஆண்டுக்குப் பத்துச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சப் புள்ளியோடு நூறு பேர் நிற்கிறார்கள். அவர்களை அனுப்பி முடிக்கவே பத்து ஆண்டு வேண்டும். அதற்குள் பின்னால் இன்னும் பல நூறு பேர் சேர்ந்துவிடுவார்கள். இன்று 18 வயதில் முதல் புள்ளியை வாங்கும் பிள்ளைக்கு முறை வருவதற்குள் முதுமை வந்துவிடலாம். முன்னே நிற்பவர்கள் இந்த முறையை மாற்ற விடமாட்டார்கள். அவர்கள் 20 ஆண்டு காத்திருந்தவர்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லை என்று கூற முடியாது. தோற்றவனுக்கு இரங்கி ஏற்படுத்திய ஒரு விதி, காலப்போக்கில் பிந்தி வந்தவனுக்கு எதிரான மதிலாக மாறிவிட்டது.

இதிலிருந்து நான் விளங்கிக்கொள்வது இதுதான். பானையில் கை விடுவது யார், சீட்டு மடித்திருக்கிறதா என்பவை எளிய கேள்விகள். ஒரு சிறுவனைக் கூப்பிட்டால் தீர்ந்துவிடும். யாருடைய பெயர் பானைக்குள் போகலாம், அதை முடிவு செய்பவர் யார் என்பதே கடினமான கேள்வி. கதவைத் திறந்துவிட்டால் மாவெல்ல. இறுக மூடினாலோ, உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் நீதி. நீர்கொழும்புச் சங்கங்களில் உரிமை பரம்பரை வழியாக வருகிறது. பழவேற்காட்டில் பாடு முறைக்குள் வராத சமூகத்தவர்கள் அந்த ஏரி எங்களுடையதும் அல்லவா என்று கேட்டு வந்திருக்கிறார்கள்.

புத்தளம் மாவட்டத்தில் இக்கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் தஞ்சமடைந்தது இந்த மாவட்டத்தில்தான். மன்னார்க் கரையில் தலைமுறை தலைமுறையாக வலை இழுத்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அங்கே தமக்கென இருந்த பாட்டை விட்டுவிட்டு, ஏற்கெனவே முறை நிறைந்திருந்த ஒரு கரைக்கு வெறுங்கையோடு வந்து நின்றார்கள். இங்கிருந்த மீனவர்களும் ஏழைகளே. வந்தவர்களுக்குச் சோறு கொடுத்தார்கள். பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் இடம் கொடுத்தார்கள். ஆனால் கரையில் ஒரு முறையைப் பகிர்ந்து கொடுப்பது சோறு கொடுப்பதைவிடக் கடினம். தன் பிள்ளையின் முறையிலிருந்தே அதை எடுத்துக் கொடுக்கவேண்டும்.

இதைப் பற்றி நானாவிடம் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "வந்தவங்க எங்களோட கயிறு புடிச்சாங்க தம்பி. கயிறு புடிச்சவனுக்குப் பங்கு உண்டு. முறை வேற, பங்கு வேற."

முறைக்கும் பங்குக்கும் இடையில் அவர் போட்ட அந்தக் கோட்டில் ஒரு வழி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பாட்டின் தொகையைக் கூட்ட முடியாது. கடல் அதற்கு இடம் தராது. ஆனால் இழுப்பவர்கள் தொகையைக் கூட்டலாம்; பங்கில் சேர்க்கலாம். கரைவலை அத்தனை பேருக்கு வேலை கொடுக்கும் தொழிலாக இருந்தது. டிராக்டரில் பொருத்திய சுழல் உருளை கயிற்றை இழுக்கத் தொடங்கியபோது கரைகளில் முதலில் மறைந்தது அந்தப் பின்கதவுதான். முப்பது பேர் பிடித்த கயிற்றை நான்கு பேரும் ஓர் இயந்திரமும் இழுத்தால், முறை இல்லாதவனுக்குப் பங்கும் இல்லை. இயந்திரத்தைப் பற்றி நம் நாட்டில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் கடலடித் தரையின் சேதத்தைப் பற்றியது. அது அவசியமான விவாதமே. அதோடு இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேசவேண்டும் என்பது என் எண்ணம்.

எல்லோருக்கும் போதாத ஒன்றைப் பகிரச் சீட்டைவிடக் கண்ணியமான வழியை நான் கண்டதில்லை. பணத்துக்கும் பலத்துக்கும் அது தலைவணங்குவதில்லை. ஆனால் எந்தக் குலுக்கலைப் பற்றிய செய்தியைப் படித்தாலும், அது கடலாக இருக்கட்டும், காடாக இருக்கட்டும், அரசாங்க வீடாக இருக்கட்டும், யாருக்கு விழுந்தது என்று மட்டும் பார்க்காதீர்கள். பானைக்குள் போகாத பெயர்கள் எத்தனை, அவர்களுக்குக் கயிற்றிலாவது இடம் இருந்ததா என்று கேளுங்கள்.