திருப்பித் தரப்படாத இசைத்தட்டு

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஒரு பழைய வீடு கைமாறவிருந்தது. பத்திரப் பதிவுக்கு இன்னும் பதினொரு நாட்களே இருந்தன. அம்மாவும் மறைந்த பின் வீட்டை வைத்துக்கொள்ள யாருக்கும் தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கும் தம்பி தொலைபேசியில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டான்: "அக்கா, உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள், மீதியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடு." மீதி என்று அவன் சொன்னதில் அப்பாவின் இசைத்தட்டுகளும் அடக்கம் என்பது அவனுக்குத் தோன்றியிருக்காது.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். கூடத்துத் தரையில் பாயை விரித்து, மரப்பெட்டியிலிருந்து தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வரிசைப்படுத்தத் தொடங்கினார். அகர வரிசையும் இல்லை, ஆண்டு வரிசையும் இல்லை. எந்தத் தட்டு எந்தக் காலத்தில் வீட்டுக்கு வந்தது என்ற வரிசை. அந்த வரிசை இப்போது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

அப்பா பின்னி ஆலையில் எழுத்தராக இருந்தவர். வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புக்கு வந்த தலைமுறை. ஆலையின் சங்கு, ஸ்ரீராமபுரத்து நெரிசல், வீட்டுக்குள் தமிழ், தெருவில் கன்னடம், சந்தையில் தெலுங்கும் உருதும் என்று வாழ்ந்தவர். போனஸ் வந்த ஒரு தீபாவளிக்கு முன்பாக, அம்மாவுக்குத் தெரியாமல் எச்.எம்.வி. ஃபியஸ்டா ஒன்றை வாங்கி வந்தார். பெட்டிபோல் மூடித் திறக்கும் சிறிய கருவி. அதனுடன் வந்த முதல் தட்டு எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம். அம்மாவின் கோபத்தைத் தணிக்க வாங்கப்பட்டது அது என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. 1963-இல் வெளியான அந்த நெடுந்தட்டு தென்னிந்திய வீடுகளின் விடியலையே மாற்றியது. அதற்கு முன் கோயிலுக்குப் போய்க் கேட்க வேண்டியிருந்த ஒன்று அடுப்படிக்கே வந்துவிட்டது. மகளுக்கு அதனோடு சேர்ந்து நினைவில் நிற்பது பக்தி அல்ல. மண்ணெண்ணெய் அடுப்பின் வாடையும், குளிர்ந்த நீரில் முகம் கழுவச் சொல்லும் அம்மாவின் குரலும். இன்றும் எங்காவது அது ஒலித்தால் அவருக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்ற பதற்றம்தான் முதலில் வருகிறது.

இரண்டாவதாக வந்தது ஜிம் ரீவ்ஸ். ஆலையில் அப்பாவுடன் பணிபுரிந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, கப்பலில் ஏற்ற முடியாதவற்றை நண்பர்களுக்குப் பகிர்ந்தளித்தார். அப்பாவின் பங்குக்கு வந்தது 1963-இல் வெளிவந்த கிறிஸ்துமஸ் பாடல் தொகுப்பு. ரீவ்ஸ் அடுத்த ஆண்டே விமான விபத்தில் இறந்துபோனார். டெக்ஸாஸில் பிறந்து நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாடல்களைப் பாடிய அந்த மனிதரின் குரல் காக்ஸ் டவுனிலும் கோலார் தங்கவயலிலும் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது. அவர் சொற்களைக் கடித்துத் துப்பாமல் நிதானமாக உச்சரித்தார், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் புரிந்தது என்பது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. அப்பாவுக்கு அதில் பாதி புரியாது. ஆனாலும் டிசம்பர் பிறந்தால் அந்தத் தட்டு வெளியே வந்துவிடும். அந்த நண்பரிடமிருந்து கடிதம் வருவது நின்று பல ஆண்டுகள் ஆன பிறகும் அது தொடர்ந்தது.

மகள் தாமாகச் சேர்த்தவை இரண்டே. ஒன்று, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986-இல் வெளியானது, தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. சென்ட்ரல் காலேஜில் முதுகலை படித்துக்கொண்டிருந்த காலம். உதவித்தொகை வந்த அன்றே வாங்கினார். அதில் வி.எஸ். நரசிம்மனின் வயலின், பாக்கின் ஒரு முன்னிசையை அப்படியே வாசித்துக்கொண்டு போக, அதன்மேல் வேறொன்று வந்து சேரும் இடம் உண்டு. அந்த இடத்தில் அப்பா செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டு, "இது நம்மூர்க்காரர் போட்டதா?" என்று கேட்டார். மகள் ஆமென்றார். அப்பா மறுபடி செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார். கருத்து எதுவும் சொல்லவில்லை. முகம் தெரியாதபடி செய்தித்தாளைச் சற்றுக் கூடுதலாகவே உயர்த்தினார் என்பது மகளின் வாதம்.

மற்றொன்று ஓட்டவே முடியாத தட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பி.வி.கே. ஐயங்கார் சாலைப் பக்கம் விரியும் பழம்பொருள் சந்தையில், துருப்பிடித்த பூட்டுகளுக்கும் கழற்றிய கைக்கடிகாரங்களுக்கும் நடுவே கிடந்தது. 78 சுற்று வேகத்து அரக்குத் தட்டு; நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு விரிசல். வேதியியல் ஆசிரியர் என்பதால் அதன் பொருளில்தான் முதலில் அவருக்கு ஈடுபாடு. சோட்டா நாக்பூர்க் காடுகளில், பலாசு மரக்கிளைகளில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். அதனோடு கல்தூளும் கரிப்பொடியும் பஞ்சிழையும் கலந்து சூட்டில் அழுத்தினால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று, நான்கு நிமிட இசை. உலகத்தின் இசை அரை நூற்றாண்டுக் காலம் இந்தியப் பூச்சி ஒன்றின் எச்சிலில் பதிவாகியிருந்தது என்று வகுப்பில் சொன்னால் கடைசி வரிசை மாணவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். எச்சில் என்பது துல்லியமான சொல் அல்ல. ஆனால் வகுப்பறைக்கு அது பயன்பட்டது.

அந்தத் தட்டின் சிட்டையில் மெட்னர் என்ற பெயர் இருந்தது. யாரென்று தேடிப்போனபோதுதான் கதை திறந்தது. நிக்கலாய் மெட்னர் என்ற ரஷ்ய இசையமைப்பாளர் லண்டனில் முதுமையிலும் வறுமையிலும் இருந்தார். அவருடைய படைப்புகளைப் பதிவுசெய்யப் பொருளுதவி செய்தவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். மெட்னர் சங்கத்தை ஏற்படுத்தினார், எச்.எம்.வி. தட்டுகளை வெளியிட்டது, மெட்னரே பியானோ வாசித்தார், தம் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை மகாராஜாவுக்கே அர்ப்பணித்தார். 1950-இல் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'இறுதி நான்கு பாடல்கள்' லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் முதன்முதலாகப் பாடப்பட்டதற்கும் இதே மகாராஜாவின் பணமே பின்னணி. அவரோ ஸ்ரீவித்யா என்ற முத்திரையில் 94 கிருதிகள் இயற்றியவர். மேலை இசை, கீழை இசை என்று பாடத்திட்டத்தில் நாம் போட்டுவைத்திருக்கும் கோடு அந்த மனிதரின் அறையில் இருந்ததாகத் தெரியவில்லை. விரிசல் விட்ட தட்டை அவர் இருபத்தைந்து ஆண்டுகளாக வைத்திருக்கிறார். ஓட்டினால் முள் உடையும். அதில் உள்ள இசையை இணையத்தில்தான் கேட்டார்.

பெட்டியின் அடியில் இரண்டு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. அவற்றை அவர் கடைசியாக எடுத்தார். எடுக்காமலே இருந்திருக்கவும் கூடும்.

மேலே இருந்தது 'பாவ மன்னிப்பு' பாடல்கள். 1961-ஆம் ஆண்டுப் படம். விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை. அதில் ஜெமினி கணேசனுக்காக பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடிய பாட்டு அப்பாவின் உயிர். கீழே இருந்தது கன்னடத் தட்டு: 'கஸ்தூரி நிவாசா', 1971, ஜி.கே. வெங்கடேஷ் இசை. பாடியவர் அதே பி.பி. ஸ்ரீனிவாஸ், இம்முறை ராஜ்குமாருக்காக. காக்கிநாடாவில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, தமிழில் ஜெமினிக்கும் கன்னடத்தில் ராஜ்குமாருக்கும் குரலாக இருந்தவர். 1974-இல் 'சம்பத்திகே சவால்' படத்தில் ராஜ்குமார் தாமே பாடத் தொடங்கும்வரை கன்னட மக்களுக்கு ராஜ்குமாரின் பாட்டுக்குரல் என்றால் ஸ்ரீனிவாஸின் குரல்தான். பிற்காலத்தில் சென்னை டிரைவ்-இன் உட்லண்ட்ஸில், சட்டைப்பையில் பல வண்ணப் பேனாக்களோடு உட்கார்ந்து பல மொழிகளில் கவிதை எழுதிக்கொண்டிருந்த அந்த முதியவரை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'கஸ்தூரி நிவாசா'வும் பின்னர் தமிழுக்கு வந்தது. 1975-இல் சிவாஜி நடித்த 'அவன்தான் மனிதன்'. ஆனால் அப்பாவுக்குக் கன்னடம்தான் பிடித்தது. ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பின் ஒரு பக்கம் தமிழ், அடுத்து ஒரு பக்கம் கன்னடம் என்று ஓடும்.

கன்னடத் தட்டு அப்பாவுடையது அல்ல. பக்கத்து வீட்டுக்காரருடையது. உறையின் பின்புறம் அந்த அம்மையாரின் பெயர் கன்னட எழுத்தில், நீல மையில் இருக்கிறது. அவர்களிடம் தட்டு உண்டு, ஓட்டும் கருவி பழுது. இவர்களிடம் கருவி உண்டு. ஞாயிறுதோறும் அவர் தட்டைக் கொடுத்தனுப்புவார். சுவர் ஒன்றுதான் என்பதால் அங்கிருந்தே கேட்பார். மாலையில் தட்டு திரும்பிப் போகும். பல ஆண்டு ஏற்பாடு இது.

1991 டிசம்பர் 12-ஆம் தேதி தொடங்கி அந்த நகரத்தில் நடந்தது ஆய்வாளர்களுக்குப் புதிதல்ல. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானது, அடுத்த நாளே தமிழர் வாழும் பகுதிகளில் வன்முறை, பிறகு ஊரடங்கு. செய்தித்தாள்களிலும் அறிக்கைகளிலும் அது பதிவாகியிருக்கிறது. பதிவாகாத ஒன்று, தெருக்கோடியில் கூச்சல் கேட்ட அந்த இரவில் ஸ்ரீராமபுரத்துக் கூடம் ஒன்றில் ஒரு ஃபியஸ்டா ஓடிக்கொண்டிருந்தது என்பது. மிகத் தாழ்ந்த ஒலியில், அப்பா ஸ்ரீனிவாஸைத் தமிழில் போட்டிருந்தார். எதற்காகப் போட்டார் என்பது அவருக்கே தெரிந்திருக்குமா என்று தெரியாது. அம்மா விளக்குகளை அணைத்துவிட்டிருந்தார். இருபத்தேழு வயது மகள் பாய்ந்து சென்று, "அப்பா, தமிழ்ப் பாட்டு வேண்டாம்" என்று முள்கையைப் பிடித்து இழுத்தார். முள் தட்டின் குறுக்கே சென்ற ஓசை பாட்டைவிட உரக்கக் கேட்டது.

சற்று நேரத்தில் பின்கதவு மெல்லத் தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு அம்மையார். கையில் அந்தத் தட்டு. "அண்ணா, இதைப் போடுங்கள். கொஞ்சம் சத்தமாகவே போடுங்கள். வெளியே கேட்கட்டும்."

அப்பா இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். நன்றி சொன்னார். அவர் போன பிறகு தட்டைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மகள் கெஞ்சினார், பிறகு கோபப்பட்டார். அப்பா சொன்னது ஒன்றே ஒன்று: "பயந்துகொண்டு போடுகிற பாட்டு இல்லையம்மா இது."

அந்த ஒரு வாக்கியத்தோடு மகள் முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளாக வழக்காடிக்கொண்டிருக்கிறார். வீட்டில் இரண்டு பெண்கள் இருக்க, ஒரு தட்டு எல்லோரையும் காப்பாற்றக்கூடும் என்றிருக்க, பாட்டின் மரியாதையைப் பற்றி யோசித்தவரை எப்படி எடுத்துக்கொள்வது? வீம்பு என்று பல ஆண்டுகள் நினைத்தார். உயிரைக் காக்கப் போட்டிருந்தால் அந்தப் பாட்டை அதன்பின் எந்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்டிருக்க முடியாது என்பது பின்னர்தான் உறைத்தது. இருந்தாலும் அப்பா செய்தது சரி என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை. அந்த இரவு அந்தத் தெருவுக்குள் யாரும் வரவில்லை. வந்திருந்தால் இந்த யோசனைக்கே இடமிருந்திருக்காது.

அந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரரின் கணவருக்கு மாற்றலாகியது. சில நாட்களில் ஹாசனுக்குப் போய்விட்டார்கள். போகிற அவசரத்தில் அவர் தட்டைக் கேட்கவில்லை, இவர்களும் தரவில்லை. தமிழ்த் தட்டில் அந்தக் கீறல் அப்படியே இருக்கிறது. இரண்டாவது சரணத்துக்கு முன் 'டக்' என்று ஒரு துள்ளல். அப்பா புதுத் தட்டோ ஒலிநாடாவோ வாங்கிக்கொள்ளவில்லை. இறக்கும்வரை அதையே கேட்டார். துள்ளும் இடத்தில் மகள் இருக்கும் பக்கம் திரும்பியதே இல்லை. குற்றம் சொல்லியிருந்தால் இவ்வளவு நாள் நீடித்திருக்காது.

பழைய பேப்பர்காரரிடம் எதுவும் போகவில்லை. பொதுப் பழக்கமுள்ள ஒருவரிடம் விசாரித்து, பக்கத்து வீட்டு அம்மையார் இப்போது மகனோடு ராஜாஜிநகரில் இருப்பதாக அறிந்து, பதிவுக்கு நான்கு நாள் முன்பு ஆட்டோவில் போனார். இத்தனை ஆண்டுகள் இரண்டு மைல் தொலைவில் இருந்திருக்கிறார்கள் என்பது அவருக்கு வெட்கமாக இருந்தது. மகன் தட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்து, "இதைப் போட எங்களிடம் பிளேயரே இல்லையே" என்று சிரித்தார். எண்பதைக் கடந்த அம்மையார் கண்ணாடியைக் கேட்டு வாங்கி அணிந்து, உறையின் பின்புறம் தம் கையெழுத்தை விரலால் தடவிப் படித்தார். பிறகு கன்னடத்தில் கேட்டார்:

"அன்று இரவு அண்ணா போட்டாரா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "இல்லை அம்மா. போடவில்லை. ஊரடங்கு தளர்ந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டார். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு."

"அது தெரியும்," என்றார் அம்மையார். "மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். கேட்டது."

பிறகு மருமகளைக் கூப்பிட்டுக் காபி கொண்டுவரச் சொன்னார்.